பெயின்ட்டுக்கு அடியில் செய்தித்தாள்: பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பழைய காரை ‘முழுவதுமாகப் புதுப்பித்துத் தருகிறோம்’ என்று விளம்பரம் செய்யும் பட்டறைக்கு வண்டியை அனுப்பும் எண்ணத்தில் இருப்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். கோவைக்கு வெளியே இருக்கும் அப்படிப்பட்ட ஒரு பட்டறைக்கு, என் 1984 மாடல் பிரீமியர் பத்மினிக்காக மூன்றரை லட்சம் ரூபாய் கொடுத்தேன். நல்ல பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். பெயின்ட் மட்டும்தான் நல்லது. பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் புகார் நிலுவையில் இருக்கும்போது எதிர்த்தரப்பு வக்கீலுக்கு நானே தீனி போட வேண்டாம் என்பதுதான் காரணம்.

என் வண்டி கண்காட்சிக்கு நிற்கும் வண்டி அல்ல. தினமும் அலுவலகம் போய் வரும் வண்டி. 1089 சி.சி. எஞ்சின், ஸ்டீயரிங்கை ஒட்டிய ஹேண்ட் கியர், நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். முன் சக்கரங்கள் திரும்பும் அச்சான கிங் பின்னுக்குத் தவறாமல் கிரீஸ் அடிக்க வேண்டும், வால்வை இயக்கும் டாப்பெட்டின் சத்தம் கூடினால் இடைவெளி அளவு பார்க்க வேண்டும், சோலெக்ஸ் கார்புரேட்டரை அவ்வப்போது கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். இப்போது எல்லா பங்க்கிலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டதால், பழைய ரப்பர் குழாய்களும் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரமும் ஊறிப் போகின்றனவா என்று வேறு பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இவ்வளவும் தெரிந்துதான் வைத்திருக்கிறோம். பத்மினி தயாரிப்பு நின்று கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. இன்னும் அதை ஓட்டுகிறவன் கணக்குப் பார்க்க மாட்டான் என்பது பட்டறைக்காரருக்கு நன்றாகத் தெரியும். அவர் விலை சொல்வது வண்டியைப் பார்த்து அல்ல, நம் முகத்தைப் பார்த்து.

வண்டியில் இருந்த குறைகள் இரண்டு. கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டித் தகட்டில், பட்டறை வழக்கில் ரன்னிங் போர்டில், இரண்டு பக்கமும் துரு. எஞ்சின் கொஞ்சம் ஆயில் குடித்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை. முதலாவதுதான் பெரிய வேலை. பத்மினிக்கு லாரி மாதிரித் தனியாக சேஸிஸ் கிடையாது. கூண்டும் அடித்தளமும் ஒன்றாக வெல்டு செய்யப்பட்ட உடம்பு அது. ரன்னிங் போர்டு உளுத்தால் அழகு மட்டும் போவதில்லை, வண்டியின் முதுகெலும்பே போகிறது. கதவு தொங்கும், நடுவில் வளையும், மோதினால் நசுங்கும். துருப்பிடித்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, அதே கனத்தில் புதுத் தகடு வளைத்து, வெல்டு வைக்க வேண்டும். வேறு வழி இல்லை.

பட்டறைக்காரர் பேச்சில் கெட்டிக்காரர். “சார், தகடு முழுக்கப் புதுசு. எஞ்சின் இறக்கி ரீபோர் செய்து பிஸ்டன் செட் மாற்றிவிடுகிறோம். உள் அலங்காரம் நம் பொறுப்பு. நீங்கள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனால் போதும்” என்றார். ரீபோர் என்றால் தேய்ந்த சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து சற்றுப் பெரிதாக்குவது. கொட்டேஷன் தாளில் ‘முழு டிங்கரிங், பெயின்டிங், எஞ்சின் வேலை’ என்று ஒரே வரி (டிங்கரிங் என்பது தகட்டு வேலை), அதன் கீழே ஒரே தொகை. எந்தத் தகடு, எத்தனை இடம், பிஸ்டன் என்ன அளவு, லேத் (கடைசல்) வேலை எங்கே என்று பிரித்துக் கேட்டதற்கு, “பிரித்தால் ஜி.எஸ்.டி. கூடிவிடும் சார்” என்று பதில் வந்தது. ஜி.எஸ்.டி.க்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வேலையைப் பிரித்து எழுதினால் நாளைக்குப் பிடித்துக்கொள்வார்களே என்ற பயம்தான்.

அதற்கு மேல் இன்னொரு இருபதாயிரம் தனியாகக் கேட்டார். ‘வின்டேஜ் பதிவு’ வாங்கித் தருகிறாராம், வாங்கிவிட்டால் எஃப்.சி. (தகுதிச் சான்று) தொல்லையே இல்லையாம். இதில் இன்றைக்கும் பலர் ஏமாறுகிறார்கள் என்பதால் விவரமாகவே சொல்லிவிடுகிறேன். 2021இல் வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டைக் கடந்த வண்டிதான் வின்டேஜ். புதிய பதிவுக்கு அரசுக் கட்டணமே 20,000 ரூபாய்; பத்து ஆண்டுக்குச் செல்லும். அந்தப் பதிவு வாங்கிய வண்டியைத் தினசரிப் பயன்பாட்டுக்குச் சாலையில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான் எடுக்கலாம். 1984 மாடலுக்கு அது கிடைக்கவே கிடைக்காது. கிடைத்தாலும் என்னைப் போல அலுவலகம் போகிறவனுக்கு அது தண்டனைதான். நமக்கு உள்ளது வழக்கமான வழி: ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பிப்பு. 20 ஆண்டைத் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்ட் முதல் அதற்கான கட்டணம் 10,000 ரூபாய். இருபதாயிரம் கொடுக்க மறுத்துவிட்டேன். மறுத்ததும் மனிதர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கேட்டுப் பார்ப்பதில் அவருக்கு என்ன நஷ்டம்?

வேலை நடக்கும்போது படங்கள் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். வெல்டிங் பொறி பறக்கிறது, புதுத் தகடு மின்னுகிறது, பிரைமர் அடித்த தளம் தெரிகிறது. அவற்றில் ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. உள்தளத்தின் நடுமேட்டில், இரண்டு முன் இருக்கைகளுக்கும் இடையே, கியர் கம்பி நுழைவதற்கான வட்டத் துளை. என் வண்டி ஹேண்ட் கியர். அதற்குத் தளத்தில் துளையே கிடையாது. தொண்ணூறுகளின் கடைசியில் வந்த ஃப்ளோர் கியர் பத்மினியில்தான் அது இருக்கும். அதாவது, வேறு யாரோ ஒருவருடைய வண்டிக்குச் செய்த நல்ல வேலையைப் படமெடுத்து எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தொலைபேசியில் கேட்டேன். “பையன் படத்தை மாற்றி அனுப்பிவிட்டான் சார்.” சரி, என் வண்டியின் படத்தை அனுப்புங்கள் என்றேன். மறுநாள் வந்தது, அதற்குள் அடிப்பகுதி முழுவதும் கறுப்பு அண்டர்கோட்டிங் பூசியாகிவிட்டது. நேரில் போய்ப் பார்த்தபோதும் அந்தக் கறுப்புதான். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாரால் சொல்ல முடியும்?

வண்டி வந்தது. பெயின்ட்டில் முகம் பார்க்கலாம், அதில் குறை சொல்ல மாட்டேன். வடகிழக்குப் பருவமழை தொடங்கிச் சில வாரங்களில் ஓட்டுநர் பக்கக் கதவுக்குக் கீழே சிறு கொப்புளங்கள் கிளம்பின. மதுரையில் எங்கள் பகுதியில் நாற்பது ஆண்டாக டிங்கரிங் செய்யும் பாய் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணால்கூடப் பார்க்கவில்லை; விரல் கணுவால் தட்டினார். மட்கார்டில் தட்டியபோது கணீரென்று கேட்டது, ரன்னிங் போர்டில் சுவரைத் தட்டியதுபோல மந்தமாகக் கேட்டது. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து, பெயின்ட்டில் கீறல் விழாமல் மெல்லிய துணியில் சுற்றி வைத்தார். பானெட்டில் ஒட்டிய காந்தம் ரன்னிங் போர்டில் வழுக்கி அவர் கையிலேயே விழுந்தது.

பிறகு கொப்புளத்தை உளியால் கிளறினார். பெயின்ட், பிரைமர், அதன் கீழே பள்ளம் மேடு சமன்செய்யப் பூசும் பசையான பட்டி. வந்துகொண்டே இருந்தது பட்டி. கட்டை விரல் கனம். அதற்கும் உள்ளே ஃபைபர் துணி, அதற்குப் பின்னால் முட்டுக் கொடுக்க உருட்டித் திணித்த செய்தித்தாள். ஈரத்தில் ஊறி, ஓரத்தில் துருவின் செம்பழுப்பு ஏறியிருந்தது. அதில் ஒரு நகைக்கடை விளம்பரத்தைக்கூட வாசிக்க முடிந்தது. “தம்பி, இதில் வெல்டு வைக்கத் தகடு எங்கே இருக்கிறது?” என்றார் பாய். பழைய துருத் தகட்டை வெட்டவே இல்லை. ஓட்டையை அடைத்து, வழித்து, தேய்த்து, பெயின்ட் அடித்திருக்கிறார்கள். ஜாக்கி வைக்கும் இடத்தில் ஜாக்கியை ஏற்றியபோது வண்டி எழவில்லை, ஜாக்கிதான் உள்ளே போனது. இந்த நிலையில்தான் குடும்பத்தோடு நான்குவழிச் சாலையில் போய்க்கொண்டிருந்தேன்.

பட்டியைக் குறை சொல்லவில்லை. வெல்டு வைத்த இடத்தைச் சமன்படுத்த ஓரிரு மில்லிமீட்டர் பட்டி எல்லா நல்ல பட்டறையிலும் போடுவார்கள். தகட்டின் மேல் போடுவது பட்டி. தகட்டுக்குப் பதிலாகப் போடுவது மோசடி.

எஞ்சினையும் விடவில்லை. வெளியே வெள்ளிப் பெயின்ட் அடித்துப் புதிதுபோல வைத்திருந்தார்கள். நீலப் புகை மட்டும் போகவில்லை. “புது ரிங் செட் ஆகட்டும் சார், ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுங்கள்” என்றார்கள். ஓட்டினேன், புகை கூடியது. எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினோம். சிலிண்டரின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே நகத்தை வைத்து இழுத்தால் ஒரு படி தட்டியது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் பல ஆண்டு உரசி உரசி, அது எட்டாத உயரத்தில் மிஞ்சும் விளிம்பு அது. ரீபோர் செய்த சிலிண்டரில் அந்தப் படி இருக்கவே முடியாது, கடைந்து எடுத்திருப்பார்கள். பிஸ்டன் தலையைத் துடைத்துப் பார்த்தோம். துளையைப் பெரிதாக்கிப் புதிய பிஸ்டன் போட்டிருந்தால் கூடுதல் அளவு அதில் பொறித்திருக்கும். அப்படி எதுவும் இல்லை. பழைய 68 மில்லிமீட்டர் பிஸ்டனே, கரி படிந்து, அப்படியே உட்கார்ந்திருந்தது. லேத் பட்டறை ரசீதைக் கேட்டபோது மூன்று நாள் கழித்து ஒன்று வந்தது. அதில் வண்டி எண்ணும் இல்லை, எஞ்சின் எண்ணும் இல்லை.

இதைவிட வயிற்றெரிச்சல், காணாமல் போன பொருள்கள். அப்பா காலத்து சோலெக்ஸ் கார்புரேட்டர் போய், பெயரோ எண்ணோ பொறிக்காத டூப்ளிகேட் ஒன்று இருந்தது. அதில் ஐடிலிங், அதாவது வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகம், எந்தத் திருகுக்கும் கட்டுப்படவில்லை. நான்கு ஹப் கேப்பில் இரண்டு புதிது, முலாம் இப்போதே உரிகிறது. பழைய ஒரிஜினல் பாகம் புதிய டூப்ளிகேட்டைவிட விலை அதிகம் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் தேடினால்கூடக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். என் பொருள் இப்போது யாருடைய வண்டியில் ஓடுகிறதோ. நல்ல வேளை, வண்டியை விடுவதற்கு முன் பாகம் பாகமாக, எண் தெரியும்படி நான் எடுத்து வைத்த படங்கள் இருக்கின்றன. ஆர்.சி. புத்தகத்தின் அசலையும் கொடுக்கவில்லை, நகல்தான் கொடுத்தேன். புகாரில் இன்று எனக்குக் கைகொடுப்பவை அந்தப் படங்கள்தான்.

நேரில் போய்க் கேட்டேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. “நாற்பது வருடத்து இரும்பு சார் இது, வெட்ட வெட்டப் பொடியாகக் கொட்டியது. அதனால்தான் ஃபைபர் போட்டோம்” என்றார். ஏன் சொல்லவில்லை? “சொன்னால் நீங்கள் மனசு கஷ்டப்படுவீர்கள் என்று நினைத்தேன்.” கார்புரேட்டர்? “வந்தபோதே அதுதான் இருந்தது.” படத்தைக் காட்டினேன். டீ சொல்லட்டுமா என்று கேட்டார்.

நீங்கள் அனுப்பியே தீர வேண்டும் என்றால், என் புகார் மனுவைப் படித்த வக்கீலும் பாயும் சொன்னதைக் கேளுங்கள். வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித் தொகை எழுதி, வண்டி எண்ணோடு கையெழுத்து வாங்குங்கள். தகட்டை வெட்டிய பிறகு ஒரு முறை, வெல்டு வைத்த பிறகு ஒரு முறை, பிரைமர் ஏறுவதற்கு முன்னால் நேரில் போய்ப் பாருங்கள். அதுவரை பெயின்ட்டுக்கும் அண்டர்கோட்டிங்குக்கும் பணம் கொடுக்காதீர்கள். வெட்டி எடுத்த பழைய தகட்டையும், கழற்றிய பழைய பிஸ்டனையும் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டு வாருங்கள். கொடுக்கத் தயங்குகிற பட்டறை அவற்றைக் கழற்றவே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். எஞ்சின் வேலையை முடிந்தால் உங்களுக்குத் தெரிந்த லேத்துக்கு நீங்களே எடுத்துப் போங்கள். நிறத்தை மாற்றச் சொன்னால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டியிருக்கும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: வேறு பட்டறையில் பிரிப்பதற்கு முன்பும், பிரிக்கும்போதும் வீடியோ எடுங்கள், பிரிப்பவரிடம் எழுத்தில் ஓர் அறிக்கை வாங்குங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பட்டறை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். நான் கோவைக்கு அலையாமல் மதுரையிலேயே கொடுத்திருக்கிறேன். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பேசிப் பார்க்கலாம். புகார் எண்ணாவது கையில் இருக்கும்.

வக்கீல் நோட்டீஸ் போனதும் பட்டறையிலிருந்து அழைப்பு வந்தது. ஐம்பதாயிரம் திருப்பித் தருகிறார்களாம்; ‘வேலை திருப்தி’ என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம். மறுத்துவிட்டேன். ஆணையத்தின் நோட்டீஸ் கிடைத்த முப்பது நாளுக்குள் அவர்கள் பதில் தாக்கல் செய்ய வேண்டும், அதிகபட்சம் இன்னும் பதினைந்து நாள் அவகாசம் கிடைக்கும். இதுவரை வரவில்லை. பாய் ஓட்டுநர் பக்க ரன்னிங் போர்டை முழுவதுமாக வெட்டிப் புதுத் தகடு வைத்துவிட்டார். இடது பக்கத்தைப் பிரிக்க ஆரம்பித்திருக்கிறார். அங்கே செய்தித்தாள் இல்லை, சாக்குப்பை.