ஓடும்போது கேபிள் எரிந்தால் "செல்ஃப் மோட்டார் போச்சு" என்பதை நம்பாதீர்கள்: லாரிக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை

லாரி வைத்திருப்பவர்கள், முக்கியமாகச் சொந்த வண்டியைத் தானே ஓட்டிப் பிழைப்பவர்கள், இதைப் படித்துவிட்டு நாலு பேருக்குச் சொல்லுங்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் நெடுஞ்சாலை ஓரத்தில் உள்ள ஓர் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில், என் வண்டிக்குத் தேவையே இல்லாத செல்ஃப் மோட்டாரையும் (எஞ்சினைக் கிளப்பும் மோட்டார்) இரண்டு பேட்டரிகளையும் என் தலையில் கட்டினார்கள். பணம் போனதுகூடப் பரவாயில்லை. தீப்பிடித்ததற்கான காரணத்தை அப்படியே விட்டுவிட்டு வண்டியை ரோட்டுக்கு அனுப்பினார்கள். அதே இடத்தில் மறுபடியும் எரிந்தது.

சேலத்தில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு புனேவுக்குப் போய்க்கொண்டிருந்தேன். தொப்பூர் கணவாய் ஏறி, தருமபுரி தாண்டி, வண்டி நல்ல ஓட்டத்தில் இருந்தபோது கேபினுக்கு அடியிலிருந்து ரப்பர் கருகும் வாசம் வந்தது. ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தி, பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் கட் ஆஃப் சுவிட்சை அணைத்து, தீயணைப்பு உருளையை அடித்ததில் தீ அடங்கிவிட்டது. எஞ்சினை நிறுத்துவதும் முக்கியம். பெரும்பாலான வண்டிகளில், எஞ்சின் ஓடும்போது கரண்ட் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரின் ஒயர், செல்ஃப் மோட்டாரில் பேட்டரி கேபிள் சேரும் அதே முனையில்தான் வந்து சேரும். கட் ஆஃபை மட்டும் அணைத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டால் அந்தப் பக்கத்திலிருந்து கரண்ட் வந்துகொண்டே இருக்கும்.

வண்டியைக் கட்டி இழுத்துக் கடையில் கொண்டுபோய் விட்டோம். கடைக்காரர் டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தார். மீட்டரைக் கையில் எடுக்கவே இல்லை. "செல்ஃப் மோட்டார் உள்ளே ஷார்ட் ஆயிடுச்சுண்ணே, அதுதான் கேபிளை எரிச்சிருக்கு. பேட்டரியும் செத்துப்போச்சு" என்றார். ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் எரிந்தது, காலையில் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆன வண்டி என்று சொன்னேன். "எல்லாம் ஒண்ணுதாண்ணே" என்றார்.

எல்லாம் ஒன்று கிடையாது. செல்ஃப் தொடர்பான தீயில் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே எப்போது எரிந்தது என்பதுதான். பேட்டரியிலிருந்து வரும் தடித்த கேபிள் செல்ஃப் மோட்டாரின் மேலே இருக்கும் சோலினாய்டு என்ற காந்தச் சுவிட்ச் வரைக்கும் வந்து நிற்கும். சாவியைத் திருப்பும்போது மட்டுமே சோலினாய்டு உள்ளே இருக்கும் செம்புத் தகடு ஒட்டி, மோட்டாருக்குக் கரண்ட் போகும். வண்டி ஓடும்போது மோட்டாருக்குள் கரண்டே கிடையாது. அப்புறம் எப்படி மோட்டார் உள்ளே ஷார்ட் ஆகிக் கேபிளை எரிக்கும்? சோலினாய்டு தகடு வெல்டு ஆனதுபோல ஒட்டிக்கொண்டால் நடக்கலாம். பேட்டரி பலவீனமாக இருக்கும்போது டக் டக் என்று விடாமல் அடித்தால் அப்படி ஒட்டும். ஆனால் அப்போது ஸ்டார்ட் ஆன பிறகும் மோட்டார் கத்திக்கொண்டே இருக்கும், டிரைவருக்குத் தெரியாமல் போகாது. ஓடும்போதோ நிறுத்தி வைத்திருக்கும்போதோ எரிந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்தக் கேபிள் வரும் வழியைத்தான். பெரும்பாலான லாரிகளில் அந்த மெயின் கேபிளுக்கு ஃபியூஸ் கிடையாது. செல்ஃப் அடிக்கும்போது பல நூறு ஆம்பியர் இழுக்கும் என்பதால் அப்படி விட்டிருக்கிறார்கள். உறை தேய்ந்து, பேட்டரி நெகட்டிவோடு சேர்ந்திருக்கும் இரும்புச் சட்டமான சேசிஸில் பட்டால், எரிந்து அறும் வரைக்கும் எதுவும் தடுக்காது.

லோடு நிற்கிறது, புனேயில் பார்ட்டி போன்மேல் போன் போடுகிறார். ஐம்பதாயிரத்தைத் தொடும் தொகையை வாங்கிக்கொண்டு "புது" மோட்டார், புது பேட்டரி, புது கேபிள் என்று போட்டுக் கொடுத்தார். கையில் தந்தது ஜிஎஸ்டி நம்பர் இல்லாத எஸ்டிமேட் சீட்டு. பழைய மோட்டாரைக் கேட்டதற்கு எக்ஸ்சேஞ்சில் போய்விட்டது என்றார். என் பழைய பேட்டரிகள் இரண்டும் வாரண்டி முடியாதவை. ஷார்ட்டில் இறங்கிப்போன பேட்டரியை முழுதாகச் சார்ஜ் ஏற்றி, அப்புறம் கரண்ட் இழுக்கவைத்துப் பார்த்தால்தான் செத்ததா இல்லையா என்று தெரியும். அதைச் செய்யவில்லை. ஈயத்துக்கு உண்டான விலையைக்கூடக் கழிக்கவில்லை.

சித்ரதுர்கா தாண்டிப் போகும்போது மறுபடியும் அதே வாசம். இந்த முறை உருளை கைக்கெட்டும் இடத்தில் இருந்ததால் கேபின் பிழைத்தது. டீசல் குழாய் அந்தக் கேபிளிலிருந்து எவ்வளவு தூரத்தில் போகிறது என்று அன்றைக்குத்தான் குனிந்து பார்த்தேன். ஒரு சாண் இருக்காது.

அங்கே தற்காலிகமாகச் சரிசெய்துகொண்டு, லோடு இறக்கித் திரும்பியதும் நாமக்கல்லில் அனுபவப்பட்ட ஒயர்மேன் ஒருவரிடம் விட்டேன். அவர் முதலில் மோட்டாரைத் தொடவே இல்லை. எரிந்த கேபிளை முழு நீளத்துக்குத் தரையில் போட்டு விரலால் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் கம்பி இழைகள் உருகி உருண்டையாக நின்றன. அதற்கு நேராகச் சேசிஸ் குறுக்குச் சட்டத்தின் விளிம்பில் இரும்பு குழிந்து போயிருந்தது. பக்கத்திலேயே பழைய கருகல் தடம். முதல் தீயும் அங்கேதான் பிடித்திருக்கிறது. கேபிளைப் பிடித்து நிறுத்த வேண்டிய கிளாம்ப் அங்கே இல்லை. கிருஷ்ணகிரிக்காரர் புதுக் கேபிளையும் அதே விளிம்பின் மேலேயே, கிளாம்ப் இல்லாமல், உறைக்குழாய் இல்லாமல் இழுத்துவிட்டிருக்கிறார்.

கேபிளும் செம்பு இல்லை. இழையைப் பிளேடால் சுரண்டியதும் உள்ளே வெள்ளையாக இருந்தது. அலுமினியத்தின் மேல் செம்பு முலாம். அலுமினியம் கடத்துவது செம்பில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். கேபிள் முனையில் மாட்டும் லக்கை அச்சில் வைத்து அழுத்தாமல் சுத்தியலால் அடித்து நசுக்கியிருந்தார்கள். ஒயர்மேன் மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் இன்னொன்றைச் சோலினாய்டு போல்ட்டிலும் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொன்னார். எஞ்சின் பிளாக்குக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையேயும் அதேபோல் பார்த்தார். 24 வோல்ட் வண்டியில் இது 1 வோல்ட்டைத் தாண்டினாலே கோளாறு என்று வைத்துக்கொள்ளலாம். 400 ஆம்பியர் ஓடும்போது 1 வோல்ட் வழியில் தொலைந்தால் 400 வாட் சூடு, இஸ்திரிப் பெட்டியில் பாதி, கேபிளிலும் லக்கிலும் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். எர்த் பக்கம், அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி, மோசமானால் கரண்ட் திரும்பிப் போக ஆக்சிலேட்டர் கேபிள், கியர் கேபிள் என்று கிடைத்த வழியைப் பிடிக்கும், அவையும் எரியும். நல்லவேளை, என் எர்த் பட்டை சரியாக இருந்தது.

கடைசியில் "புது" மோட்டாரைக் கழற்றினோம். பெயிண்ட் அடித்த பழையது. நம்பர் தகடு இல்லை, கார்பன் பிரஷ் உரசும் செம்பு உருளையான கம்யூட்டேட்டர் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தது, கார்பன் பிரஷ் மட்டும் புதுசு.

போட்டோக்களோடு கடைக்குப் போனேன். அப்படி எதுவும் நான் போடவில்லை, வழியில் வேறு யாரோ மாற்றியிருப்பார்கள் என்றார். எஸ்டிமேட் சீட்டில் வெறுமனே "செல்ஃப் வேலை" என்றுதான் எழுதியிருக்கிறது. இன்சூரன்ஸிலும் சிக்கல்தான். நம் வண்டியின் சேதத்துக்கும் சேர்த்து எடுக்கும் பேக்கேஜ் பாலிசியில் தீயும் தானாகப் பற்றிக்கொள்வதும் உண்டு, ஆனால் எலக்ட்ரிக்கல் பிரேக்டவுனும் தேய்மானமும் கிடையாது. எது எதனால் எரிந்தது என்று சர்வேயருக்குக் காட்ட எரிந்த பொருள் வேண்டும். முதல் தீயில் எரிந்தது எல்லாம் அந்தக் கடையோடு போய்விட்டது.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டிருக்கிறேன். லாரி என்றால் வியாபாரம், நுகர்வோர் வழக்கு செல்லாது என்று பலர் சொல்வார்கள். சுயதொழிலாகத் தானே ஓட்டிப் பிழைப்பவருக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்குத் தருகிறது. 2 வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் வண்டியில் இப்படி நடந்தால், தீ அடங்கியதும் எதையும் கழற்றும் முன்னே போட்டோ எடுங்கள், இன்சூரன்ஸுக்குச் சொல்லுங்கள். கட் ஆஃப் இல்லாத வண்டியில் பேட்டரி நெகட்டிவைத்தான் முதலில் கழற்ற வேண்டும், பாசிட்டிவில் கை வைத்தால் ஸ்பேனர் சேசிஸில் பட்டு அதுவே இன்னொரு ஷார்ட். எரிந்த கேபிள், பழைய மோட்டார், பழைய பேட்டரி எல்லாம் உங்கள் சொத்து, வண்டியிலேயே ஏற்றிக்கொள்ளுங்கள். கேபிள் எந்த இடத்தில் உருகியிருக்கிறது என்று கடைக்காரரைக் கையால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்டாதவரிடம் மோட்டார் வாங்காதீர்கள்.