மெசலமைன் எனிமா 60 மி.லி.: உள்ளே தங்கினால்தான் மருந்து

எனிமா என்றதும் வயிற்றைக் கழுவிவிடும் சமாச்சாரம் என்றுதான் நினைப்பார்கள். இது நேர் எதிர். 60 மி.லி. திரவத்தில் 4 கிராம் மெசலமைன், குடல் வீக்கத்தை வடியவைக்கும் மருந்து. இரவு முழுக்கக் குடல் புண்மேல் படிந்து கிடக்க வேண்டும்.

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடலின் உள்பக்கம் வீங்கிப் புண்ணாகி ரத்தம் கசியும் நோய், மலக்குடலில் தொடங்கி மேலே ஏறும். இடப்பக்கக் குடல்வரை ஏறியவர்களுக்கு இந்த எனிமா அருமையான மருந்து. மலக்குடலோடு நின்றிருந்தால் சப்போசிட்டரியே (ஆசனவாயில் வைக்கும் மருந்து) போதும். மெசலமைன் மாத்திரையும் எனிமாவும் சேரும்போது கிடைக்கும் பலன் மாத்திரையில் மட்டும் கிடைப்பதில்லை. சிறுகுடலில் வரும் கிரோன் என்ற இன்னொரு குடல் அழற்சி நோய்க்கு இது எட்டவே எட்டாது.

பலர் கைவிடுவது போடும் முறை தெரியாமல்தான். படுக்கப்போகுமுன் மலம் கழித்துவிடுங்கள். மருந்து அடியில் தங்கியிருக்கும், அரை நிமிடமாவது நன்றாகக் குலுக்குங்கள். இடப்பக்கம் ஒருக்களித்து, இடக்காலை நீட்டி, வலது முழங்காலை மடக்கிப் படுத்தால் திரவம் தானாக மேலே ஏறும். முனையில் வாசலின் தடவி, தொப்புளை நோக்கிச் செலுத்தி, மெதுவாகப் பிதுக்குங்கள். அவசரமாகப் பிதுக்கினாலோ, மருந்து சில்லென்று இருந்தாலோ உடனே வெளியே வந்துவிடும். அதே நிலையில் அரை மணி நேரம் அசையாமல் இருங்கள். முதல் சில நாள் தங்காது. வீக்கம் வடிய வடியத் தங்கும். பழைய துணியை விரித்துக்கொள்ளுங்கள், பழுப்புக் கறை போகவே போகாது.

மதுரையில் கத்திரி வெயில்தான் பெரிய எதிரி. மேலூருக்கோ உசிலம்பட்டிக்கோ கொண்டுபோகிறவர்கள் வண்டி டிக்கியில் போடாதீர்கள். சப்போசிட்டரி உருகிவிடும். எனிமா வெளிர் நிறமாக இருக்க வேண்டும். அடர்பழுப்பாகிவிட்டால் தூக்கிப் போடுங்கள். ஃப்ரீசரிலும் வைக்கக் கூடாது.

ரத்தம் நின்றதும் நிறுத்திவிடுவது பெரிய தப்பு. எத்தனை வாரம், பிறகு எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை மருத்துவர் சொல்லட்டும். தொடங்குமுன் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்து, இடையிடையேயும் பாருங்கள். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது ஆகாது. சில தயாரிப்புகளில் சல்ஃபைட் என்ற பதப்பொருள் உண்டு, அது ஆஸ்துமாவைத் தூண்டலாம். ஆஸ்துமா இருந்தால் லேபிளைப் படியுங்கள்.

ஒரு நாளில் ஆறு முறையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு மலம் போய், காய்ச்சலும் படபடப்பும் இருந்தால் எனிமா வாங்கக் கடைக்குப் போகாதீர்கள். நேரே அரசு இராசாசி மருத்துவமனைக்கோ, பக்கத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கோ போங்கள்.