ஒற்றைக் கேள்வியா, தாள் படிவமா? பயிற்சியின் திருப்தியை அளக்க எது சரி?

கணக்கர்களுக்கு இரண்டு நாள் ஜிஎஸ்டி பயிற்சி நடத்துகிறோம். ஒரு பேட்ச்சுக்கு 20 பேர். வந்தவர்களுக்குத் திருப்தியா என்று அறிய இரண்டு வழிகளையும் பார்த்துவிட்டு, தாள் படிவத்தையே வைத்துக்கொண்டோம்.

ஒற்றைக் கேள்வி என்பது என்பிஎஸ் (நெட் புரமோட்டர் ஸ்கோர்). நிர்வாக ஆலோசகர் ஃபிரெட் ரைக்ஹெல்ட் 2003-இல் முன்வைத்த முறை. "நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா?" என்று கேட்டு 0 முதல் 10 வரை மதிப்பெண் வாங்க வேண்டும். 9, 10 போட்டவர்களின் சதவீதத்திலிருந்து, 6-ம் அதற்குக் கீழும் போட்டவர்களின் சதவீதத்தைக் கழித்தால் ஸ்கோர். வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பினால் போதும், செலவில்லை.

சிக்கல் ஆள் எண்ணிக்கையில் இருக்கிறது. 20 பேரில் ஒருவர் 9-க்குப் பதில் 6 போட்டால் ஸ்கோர் 10 புள்ளி சரியும்: மேலே ஒருவர் குறைகிறார், கீழே ஒருவர் கூடுகிறார், ஆளுக்கு 5 சதவீதம். பதில் போட்டதே 10 பேர் என்றால் சரிவு 20. பாடமும் பயிற்சியாளரும் அதேதான்; ஒருவருக்கு ஏசி குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். இந்த எண்ணைக் காட்டி ஒரு பயிற்சியாளரை அடுத்த பேட்ச்சுக்கு வேண்டாம் என்பது அநியாயம்.

எங்கள் தாள் படிவத்தில் 1 முதல் 5 வரையான கட்டங்களில் டிக் போட வேண்டும். அதிலும் சராசரி ஏமாற்றும். எல்லோரும் 4 போட்டாலும் சராசரி 4; பாதிப் பேர் 5, பாதிப் பேர் 3 போட்டாலும் 4. அதனால் எந்தக் கட்டத்தில் எத்தனை டிக் என்றுதான் எண்ணுகிறோம். அதைவிட முக்கியம், "இதில் எதை ஆபீஸில் பயன்படுத்துவீர்கள்?" என்ற கேள்வி. பல ஆய்வுகளைத் தொகுத்து 1997-இல் அலிகர் (Alliger) என்ற ஆய்வாளரின் குழு வெளியிட்ட கட்டுரையும் இதையே சொல்கிறது: பிடித்திருந்ததா என்பதைவிட, பயன்படுமா என்பதற்கான பதில்தான் கற்றது வேலையில் இறங்குவதோடு அதிகம் பொருந்துகிறது. ஒரு படிவத்தில் இப்படி வந்தது: "ரிட்டர்ன் போடுவது நன்றாகப் புரிந்தது. ஆனால் எங்கள் ஆபீஸில் அதை ஆடிட்டர்தான் போடுகிறார்." அவர் 7 போட்டிருந்தால் என்பிஎஸ் கணக்கில் எந்தப் பக்கமும் சேர்ந்திருக்க மாட்டார். எங்களுக்கோ, யாரைப் பயிற்சிக்கு அழைக்க வேண்டும் என்பதே அதில்தான் தெரிந்தது.

படிவத்தைக் கடைசி நிமிடத்தில் கொடுக்காதீர்கள். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் ஒரே வரிசையில் டிக் இறங்கும். கடைசி டீ இடைவேளைக்கு முன் கொடுங்கள், பெயர் கேட்காதீர்கள், பயிற்சியாளர் அப்போது வெளியே இருக்கட்டும்.

நூற்றுக்கணக்கில் ஆள் சேரும் ஆன்லைன் வகுப்புகளை நான் நடத்தியதில்லை. அங்கே ஒருவர் மனம் மாறுவதால் ஸ்கோர் இப்படி ஆடாது, தாளும் சாத்தியமில்லை. அந்த இடத்துக்கு என்பிஎஸ் பொருந்தலாம், ஒரு "ஏன்?" கேள்வியையும் கூடவே சேர்த்தால்.