சீஸ் இழைப்புளி, 19 வெள்ளி

சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் பக்கம் ஒரு கிச்சன் சாமான் கடையில எடுத்தேன், நார்வேக்காரங்க சீஸ் சீவுற கருவி, பாக்க கேக் எடுக்குற கரண்டி மாதிரி இருக்கும், நடுவுல ஒரு பொளவு, அதுல பிளேடு. டப்பால போட்டிருந்த பேருக்காகத்தான் வாங்கினேன்னா வீட்ல சிரிக்கிறாங்க.

பேரு உஸ்தெஹேவெல். (அந்த 'ஹே' சொல்லும்போது வாயை ஓ-ன்னு குவிச்சுக்கணும், நமக்கு அதுக்கு எழுத்து கிடையாது.) உஸ்த்னா சீஸ், ஹேவெல்னா தச்சர் மரம் சீவுற இழைப்புளி. நடுவுல இருக்கிற 'எ' சும்மா ஒட்ட வைக்க வந்தது, மரமும் பெட்டியும் சேர்ந்தா மரப்பெட்டின்னு ஒரு ப் முளைக்குதுல்ல, கிட்டத்தட்ட அப்படி. ஹேவெல் அவங்க சொந்தச் சொல்லும் இல்ல, பழைய வட ஜெர்மன் பேச்சுலேர்ந்து போனது, நம்ம கப்பலும் கடையும் மலாய்க்குள்ள போன மாதிரி. இழைப்புளியே இழைப்பும் உளியும் சேந்ததுதான்னு எனக்கே இப்பதான் உறைச்சுது.

பேரு சும்மா வெக்கல. லில்லஹாமர்ங்கற ஊர்ல தோர் பியோர்க்லுன்ட்னு ஒரு தச்சர், அவர்தான் 1925ல இதுக்கு பேட்டன்ட் வாங்கினது, தன் பட்டறை இழைப்புளிய பாத்து செஞ்சது. இங்கிலீஷ்ல சீஸ் ஸ்லைசர்னு சொல்லும்போது இந்தக் கதையே காணாம போயிடுது. எங்கப்பாவுக்கு நான் ஒண்ணும் சொல்லல, கையில வாங்கி திருப்பிப் பாத்துட்டு "என்னம்மா இது, தாத்தா இழைப்புளி மாதிரில்ல இருக்கு"ன்னார்!

சரி, வேலை எப்படி? கெட்டியான செடார் சீஸ்ல சூப்பர், சீவல் பிளேடுக்கு மேல சுருண்டு வருது, மரச்சீவல் வர்ற மாதிரியே, ரொட்டில வெச்சா பேப்பர் கனம்தான். ஃபிரெண்டு ஒஸ்லோலேர்ந்து கொண்டு வந்த ப்ரூனுஸ்த்தும் (ப்ரூன்னா பழுப்பு, மிச்சம் உங்களுக்கே தெரியும்) இதுல அழகா வந்துச்சு, அது சீஸ் எடுத்தப்புறம் மிஞ்சுற பால் தண்ணிய காய்ச்சி காய்ச்சி எடுக்குறது, கிட்டத்தட்ட பால்கோவா ருசி, காயா டோஸ்ட் (தேங்காய்ப்பால், முட்டை ஜாம் தடவின ரொட்டி) மேல ஒரு சீவல் போட்டுப் பாருங்க. பனீர்ல சுத்த வேஸ்ட், உதுந்துடும்.

கனத்தை கூட்ட குறைக்க வழி இல்லாததுக்கு ஒரு ஸ்டார் கட், அஞ்சுக்கு நாலு. நம்ம ஊரு சூட்டுல சீஸை ஃபிரிட்ஜ்லேர்ந்து எடுத்த உடனே சீவிடுங்க, பத்து நிமிஷம் விட்டா இளகி பிளேட்லயே அப்பிக்குது.