அமிலத்தைப் பிரித்துக் காட்டிய சனிக்கிழமை வகுப்பு

சிங்கப்பூரின் தோ பாயோவில் ஒரு துணைப்பாட நிலையம் நடத்திய வேதியியல் செய்முறை வகுப்புக்கு, உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகளை 40 வெள்ளி கட்டி அழைத்துச் சென்றேன். எல்லா அமிலங்களிலும் ஆக்சிஜன் உண்டு என்று பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே கருதியதையும், குளோரின் ஒரு தனிமமே என்று 1810இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி அறிவித்ததையும் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, ஹைட்ரஜனும் குளோரினும் சேர்ந்த, செறிவு மிகுந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இரண்டு கார்பன் தண்டுகள் வழியே ஆசிரியர் மின்சாரத்தைச் செலுத்தினார். எதிர்முனைக் குழாயில் ஹைட்ரஜன் குமிழ்கள் மளமளவென்று ஏற, நேர்முனையில் வெளிர்பச்சைக் குளோரின் வாயு தயங்கித் தயங்கித்தான் சேர்ந்தது. குளோரின் முதலில் கரைசலிலேயே கரைவதால், கரைசல் நிறைவுற்ற பிறகே இரு வாயுக்களின் கன அளவும் ஏறக்குறைய சமமாகும் என்ற விளக்கம் ஒன்றே கட்டிய பணத்துக்குத் தகும். தீக்குச்சியை நீட்டியதும் ஹைட்ரஜன் 'பொப்' என்று வெடித்தது. குளோரின் பட்டதும் ஈரமான நீல லிட்மஸ் தாள் சிவந்து, உடனே வெளுத்தது.

ஆனால் நச்சு வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டி அங்கே இல்லை. சன்னலை மட்டும் திறந்துவைத்துக் குளோரினைத் தயாரித்ததால் முன்வரிசைப் பிள்ளைகள் இருமினார்கள். இதை என்னால் பொறுத்துக்கொள்ள இயலவில்லை. பதினாறு பேருக்கு ஒரே கருவி என்பதும் குறைதான். மகள் மறுபடியும் போகக் கேட்கிறாள்; அந்தப் பெட்டியைப் பொருத்திய பிறகு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன்.