அமுங்கும் பிரேக் பெடல்: ஷூவா, ஏரா, மாஸ்டர் சிலிண்டரா?

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் போவதற்குள் சுமார் 1,500 மீட்டர் உயரம் இறங்கிவிடுகிறோம். எம்.ஜி.பி. என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றில் அந்த வழியில் பிரேக் பெடல் மெத்தென்று அமுங்கினால் அடிவயிறு கலங்கும். விசாரித்தால் ஆளுக்கொரு வைத்தியம் வரும்: ஏர் எடுங்கள் (பிரேக் ஆயிலில் புகுந்த காற்றை வெளியேற்றுங்கள்), மாஸ்டர் சிலிண்டரை (பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் பாகத்தை) மாற்றுங்கள், ஷூவை (டிரம்மின் உள்பக்கம் உரசிச் சக்கரத்தை நிறுத்தும் பாகத்தை) நெருக்கி வையுங்கள்.

என் ஓட்டு முதலில் ஷூவுக்குத்தான். 1962 முதல் 1980 வரை தயாரான இந்தக் காருக்கு முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். டிஸ்க்கின் பேட் தேயத் தேயத் தானே நெருங்கிவிடும்; டிரம்முக்குள் இருக்கும் ஷூவை நாம்தான் நெருக்க வேண்டும். விட்டுவிட்டால், ஷூ டிரம்மைத் தொடுவதற்கே பெடல் பாதி தூரம் போய்விடும். டிரம்முக்குப் பின்னால் உள்ள தட்டில் சதுரத் தலை கொண்ட அட்ஜஸ்டர் இருக்கிறது. சக்கரம் சுற்றாமல் நிற்கும் வரை இறுக்கி, உரசாமல் சுற்றும் அளவுக்குத் தளர்த்தினால் போதும். செலவே இல்லை. கோத்தகிரியில் நண்பர் ஒருவரின் காருக்கு மூன்று முறை ஏர் எடுத்தும் சரியாகாதது, இந்தக் கால்மணி நேர வேலையில் சரியானது.

எந்தக் கோளாறு என்பதைப் பெடலே சொல்லிவிடும். காரை நிறுத்தி, அடுத்தடுத்து இரண்டு முறை மிதியுங்கள். இரண்டாவது மிதியில் பெடல் மேலேயே கல்லாக நின்றால் ஷூ. மேலே வந்தும் ஸ்பிரிங் போல நெளிந்தால் ஏர். அழுத்திப் பிடித்த கால் மெல்ல மெல்லக் கீழே போனால், எங்காவது ஆயில் கசிகிறதா என்று முதலில் பாருங்கள். கசிவு இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள்ரப்பர் போய்விட்டது.

ஏர் எடுப்பதில் ஓர் ஆபத்து உண்டு. பல மாதம் ஓடாமல் நின்ற காரில் பெடலை அடிவரை மிதித்தால், அந்த ரப்பர் வழக்கமாகப் போகாத துருப்பிடித்த பகுதியில் உரசிக் கிழியும். நன்றாக இருந்த மாஸ்டர் சிலிண்டரையும் நாமே கெடுத்ததாகிவிடும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டு மிதியுங்கள். ஏர் எடுத்த பிறகும் நெளிவு போகவில்லையா? ஒருவர் மிதிக்க, இன்னொருவர் சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸைத் தொட்டுப் பார்க்கட்டும். பழைய ஹோஸ் கைக்குள்ளேயே புடைக்கும்.

குன்னூரில் கெட்டியாக இருந்து, பர்லியாரில் மெத்தென்று ஆகி, மறுநாள் காலை மறுபடியும் கெட்டியானால், மேலே சொன்ன மூன்றையும் விட்டு ஆயிலைச் சந்தேகியுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நம் மலையின் மழையும் மூடுபனியும் அதற்கு ஏற்றவை. டாட் 4 என்ற தரத்தைச் சேர்ந்த புதிய பிரேக் ஆயில் 230 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155க்கு இறங்கிவிடுகிறது. கொதித்து எழும் ஆவிதான் காலடியில் அமுங்குகிறது. பெயின்ட்டை அரிக்காது, ஈரத்தை உறிஞ்சாது என்று சிலிகான் ஆயிலைப் பலர் விரும்புகிறார்கள். ஆனால் அதில் நுண்குமிழிகள் எளிதில் தங்கிவிடும். சூட்டில் அதுவே கொஞ்சம் அமுங்கவும் செய்யும். காட்சிக்கு நிற்கும் காருக்கு அது நல்லது. மலை இறங்கும் காருக்கு, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றும் டாட் 4 போதும்; இரண்டாவது கியரில் இறங்கினால் அதுவும் அவ்வளவாகச் சூடேறாது.

சோதனை ஓட்டத்தைச் சமதளத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தொடக்க கால எம்.ஜி.பி.யில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் பாதை. ஓரிடத்தில் விட்டால் மிஞ்சுவது கைப்பிரேக் மட்டுமே.