பஞ்சர் கடையில் டயரை விட்டு நகராதீர்கள்: கோவை–கரூர் ரோட்டில் எனக்கு நடந்தது

காங்கேயம் வழியாகக் கரூர் போய் வருகிறவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். போன வைகாசியில் சித்தப்பா மகள் கல்யாணத்துக்குப் போகிற வழியில், ஒரே ஒரு திருகாணி ஏறிய டயருக்கு ஏழு பஞ்சர் என்று சொல்லி 1,750 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். பணம் போனால்கூடப் பரவாயில்லை, நல்ல டயர் ஒன்றை ஓட்டை போட்டே கெடுத்துவிட்டார்கள், அதுதான் இன்னும் ஆறவில்லை.

வெள்ளகோவில் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டி இடது பக்கம் இழுத்தது. கிளுவை வேலி போட்ட ஒரு கொரங்காட்டு (மேய்ச்சல் நிலம்) ஓரமாக நிறுத்திப் பார்த்தால் பின்பக்க டயர் பாதி இறங்கியிருக்கிறது, ரோட்டில் படுகிற நடுப்பட்டையில் திருகாணித் தலை தெரிகிறது. ஸ்டெப்னியை எடுத்தேன், அதிலும் காற்று இல்லை. வண்டி வாங்கி மூன்று வருஷம் ஆகிறது, அதற்கு ஒரு தடவைகூட நான் காற்றுப் பிடித்ததில்லை, அது என் தப்புதான். பின்சீட்டில் அம்மா, சர்க்கரை உள்ளவர், நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும், முகூர்த்தமோ 10.30க்கு. கொஞ்சம் தள்ளி ஒரு பஞ்சர் கடை தெரிந்ததால் மெதுவாக உருட்டிக்கொண்டே போய் நிறுத்தினேன்.

கடைக்காரர் நல்ல மரியாதையாகத்தான் பேசினார். "வாங்கண்ணா, அஞ்சு நிமிசமுங்க, அம்மாவ நெழலுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். வீலைக் கழற்றித் தகரக் கொட்டகைக்குப் பின்னால் உருட்டிப் போனார். நானும் அம்மாவுக்கு எதிரில் இளநீர் வாங்கிக் கொடுக்கப் போனேன், பத்து நிமிஷம் இருக்கும். திரும்பி வந்தால் டயரில் ஏழு இடத்தில் சாக்பீஸ் வட்டம். "பாருங்கண்ணா, ஏழு எடத்துல போயிருக்குதுங்க" என்று சோப்புத் தண்ணீர் ஊற்றிக் காட்டினார், ஏழு இடத்திலும் குபுகுபுவென்று நுரை வந்தது. நுரையைக் கண்ணால் பார்த்த பிறகு எதைச் சந்தேகப்படுவது? வெளியிலிருந்து ரப்பர் திரி சொருகினால் நிற்காது, டயருக்கு உள்பக்கம் ஒட்டுகிற மஷ்ரூம் பேட்ச்தான் போட வேண்டும், ஒன்றுக்கு 250 என்றார். அம்மா காருக்குள்ளிருந்து "நேரமாச்சு கண்ணு" என்கிறார். போனிலேயே பணத்தை அனுப்பிவிட்டுக் கிளம்பினேன். பில் கேட்கவில்லை.

மத்தியானம் மண்டபத்து வாசலில் அதே டயர் மறுபடி இறங்கிக் கிடந்தது. இந்தத் தடவை கரூரில் மச்சானுக்குப் பழக்கமான ஒரு டயர் கடைக்குக் கொண்டு போனோம். அங்கே இருந்த பெரியவர் டயரை ரிம்மிலிருந்து பிரித்து, டார்ச் அடித்து உள்ளே பார்த்துவிட்டு, "தம்பி, ஆணி ஏறுனது ஒண்ணே ஒண்ணுதான், மத்த ஆறும் ஊசியில குத்துனது" என்றார். எப்படிங்க சொல்றீங்க என்றேன், கையைப் பிடித்துத் தடவிப் பார்க்கச் சொன்னார். திருகாணி போன ஓட்டை கொஞ்சம் சாய்ந்து, சுற்றிலும் அழுக்கேறி இருந்தது. மற்ற ஆறும் ஒரே அளவு, நேர்குத்து, ரப்பர் புதுசாகக் கிழிந்த மாதிரி. திரி சொருகுவதற்கு முன்னால் ஓட்டையைத் தேய்த்துவிட ஒரு ஊசி வைத்திருப்பார்கள் இல்லையா, அதை அழுத்தினால் எந்த டயரிலும் புது ஓட்டை விழும், அப்புறம் சோப்புத் தண்ணீர் ஊற்றினால் நுரை வராமல் என்ன செய்யும். உள்ளே பேட்ச் ஒட்டியிருந்தது மூன்று இடத்தில்தான், மீதி நாலும் வெறும் திரி. அதிலும் இரண்டு ஓட்டை பட்டையின் விளிம்பை ஒட்டி இருந்தன. அந்த இடம் ஓடும்போது மடங்கி மடங்கி நிமிரும், அங்கே பஞ்சர் ஒட்டவே கூடாது, ஸ்பீடில் போகும்போது விட்டுவிட்டால் வண்டி கையில் நிற்காது என்றார் பெரியவர். காலையில் அம்மாவை வைத்துக்கொண்டு அந்த டயரில்தான் எண்பதில் வந்திருக்கிறேன். புது டயருக்கு 4,800 ஆனது.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான். கடைக்காரர் ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்னாலேயே, வீல் வண்டியில் இருக்கும்போதே காற்றை நிரப்பிச் சோப்புத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். எங்கெங்கே நுரை வருகிறது என்று நீங்களே எண்ணி, போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், காற்று அடைக்கும் வால்வு வாயையும் சேர்த்துப் பாருங்கள். அப்புறம் வீல் எங்கே போகிறதோ நீங்களும் கூடவே போங்கள். கூட யாராவது இருந்தால் இளநீர் வாங்க அவர்களை அனுப்புங்கள். எனக்குத் தெரிந்து எங்கள் பக்கம் திரி போட நூறு, நூற்றைம்பதுதான், அதையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

இன்னொன்று, ட்யூப்லெஸ் டயரில் ஆணி ஏறியிருந்தால் பிடுங்காதீர்கள். அது இருக்கிற வரைக்கும் ஓட்டையைப் பாதி அடைத்துக்கொண்டுதான் இருக்கும், காற்று மெதுவாகத்தான் இறங்கும். கார் சாக்கெட்டில் சொருகிக் காற்றடிக்கிற சின்ன பம்ப் ஒன்று இருந்திருந்தால் நான் அடித்து அடித்துக் கரூர் வரைக்கும்கூடப் போயிருக்கலாம், இப்போது வாங்கி டிக்கியில் வைத்திருக்கிறேன். ஆனால் காற்றே இல்லாத டயரில் ஓட்டாதீர்கள், பக்கச்சுவர் உள்ளே நொறுங்கிவிடும். சேலம்–கோவை மாதிரி டோல் ரோட்டில் நின்றுவிட்டால் நெடுஞ்சாலை உதவி எண் 1033. ஏமாந்த பிறகு நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, ஆனால் பில் இல்லாமல் என்னத்தைக் காட்டுவது? நூறு ரூபாய் வேலையானாலும் எழுதி வாங்குங்கள்.

சாயங்காலம் திரும்பி வரும்போது அதே கடையில் நிறுத்தினேன். சண்டை வேண்டாம் என்று அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் "ஆணி கெடக்கற எடத்துல ஏத்திட்டு வந்திருப்பீங்கண்ணா" என்றார், அவ்வளவுதான். பக்கத்தில் பழனிக்குப் போகிற ஒரு குடும்பத்தின் வண்டி ஜாக்கியில் நின்றது, இரண்டு குழந்தைகள், வீலை இன்னும் கழற்றவில்லை. அந்த டிரைவர் தம்பியிடம், இங்கேயே சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்க என்று சொன்னேன். ஊற்றினார். ஒரே இடத்தில்தான் நுரை வந்தது. கடைக்காரர் எதுவும் பேசாமல் அந்த ஒன்றை ஒட்டினார். வீலை மாட்டி நட்டு முறுக்கி முடிக்கிற வரைக்கும் நானும் அங்கேயேதான் நின்றேன்.